மடியில் ஒரு பம்பர்

கொஞ்சம் முழங்கையை மடக்கிக்கங்க சார். கோவிச்சுக்காதீங்க. இது கார் பம்பர். பின்பக்கத்துப் பம்பர். என் மடியில் முக்கால் பங்கு, உங்கள் மடியில் கால் பங்கு. வேட்டி சுற்றித்தான் வைத்திருக்கிறேன், உங்கள் பேண்டில் ஒன்றும் ஒட்டாது. பெயிண்ட் காய்ந்து நாலு நாள் ஆகிறது.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? தாராபுரமா? நல்லதாகப் போயிற்று. நானும் அங்கேதான். கடைசி வரைக்கும் என் பக்கத்திலேயே இருங்க. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

என்ன கண்டக்டர் தம்பி? லக்கேஜா? இதுக்கு எதுக்குய்யா லக்கேஜ்? எடை போட்டுப் பாரு, என் மண்டியில ஒரு பூசணிக்காய் இதைவிடக் கனம். நீளமா இருக்குதா? நீளத்துக்கு டிக்கெட்டுன்னா, அதோ முன் சீட்டுல ஆறடியில ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, அவருக்கு ஒண்ணரை டிக்கெட் கிழிச்சியா? சரி, சரி, அரை லக்கேஜ் போடு. அரை லக்கேஜ்னு ஒண்ணு கிடையாதா? யாரு சொன்னது? எந்தச் சட்டத்துல இருக்கு? விசில் ஊதுறியா? என்னை இறக்கி விடுவியா? எங்கே, ஊது பார்க்கலாம்...

வேண்டாம். கிழி. முழுசாவே கிழி. முறைக்காம கிழி.

பார்த்தீர்கள் அல்லவா சார்? அது சண்டை இல்லை. விலை கேட்பது வேறு, சண்டை வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க, அப்புறம் தேவைப்படும்.

ஏனென்றால் இந்தப் பம்பரை நான் யாரோடும் சண்டை போடாமல் தாராபுரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்தால்தான் என் மகள் கோகிலா தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வருவாள். இல்லாவிட்டால் மாமனார் வீட்டிலேயே இருந்துகொள்வாள். அவளே போட்ட கட்டளை. 'டெம்போல அனுப்பக் கூடாதுப்பா. நீங்களே, பஸ்லே, கூட்டத்துல, மடியில வெச்சுக் கொண்டு வாங்க. ஒருத்தர்கிட்டயும் சண்டை போடக் கூடாது. பக்கத்துல உட்கார்ந்து வந்தவரை நான் கேட்பேன்' என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் நீங்கள்தான். அதனால் வசதியாக உட்காருங்க. ஜன்னலை வேண்டுமானால் திறந்துவிடட்டுமா?

என் பெயர் தண்டபாணி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி, முக்கியமாகத் தக்காளி. பதினாலு வயதில் அதே மார்க்கெட்டில் பெட்டி தூக்கினேன். படிப்பு ஐந்தாவதோடு சரி, மற்றதெல்லாம் ஏமாந்து படித்தது. முதல் விலைக்குத் தலையாட்டுகிறவன் முட்டாள். நான் படித்த முதல் பாடம் அது, கடைசிப் பாடமும் அதுதான். டாக்டர் ஐந்து ஊசி என்றால் நான் மூன்று என்றுதான் ஆரம்பிப்பேன். ஒரு தடவை நான்குக்கு இறங்கினார்.

இந்தக் குணத்தைப் போய் என் மகள் கோபம் என்கிறாள். அவள் கல்யாணத்தில் மேளக்காரர்களோடு ஒரு சின்னப் பேச்சு. சின்னதுதான். பேசியதற்கு ஓர் ஆள் குறைவாக வந்திருந்தார்கள். மண்டபத்து வாசலில் வைத்து நியாயம் கேட்டேன். அவர்கள் ஏதோ சொன்னார்கள், நான் மறுபடி கேட்டேன். உள்ளே ஐயர் கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று கத்துகிறார். மேளமெல்லாம் என்னோடு வாசலில் நிற்கிறது. கடைசியில் சமையல்காரர்தான் ஓடிவந்து தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினாராம். நான் பார்க்கவில்லை. நான் வாசலில் இருந்தேன்.

உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு போனில் சொன்னாள்: "கரண்டிச் சத்தத்துல தாலி கட்டிக்கிட்ட ஒரே பொண்ணு நான்தாம்ப்பா. இனி ஒரு தடவை எங்க வீட்டு ஆளுங்க முன்னால கத்தினீங்க, தலைப்பிரசவத்துக்கு அங்கே வரமாட்டேன்." அம்மா வீட்டுக்கு வராத தலைப்பிரசவம் எங்கேயாவது உண்டா சார்? ஊர் என்ன சொல்லும்? ஊரை விடுங்க. வீட்டில் அவள் அறையில் இரண்டு மாதம் முன்பே கட்டிலைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து வைத்திருக்கிறேன். நானே அடித்தேன்.

அதனால் வாயைக் கட்டினேன். ஐந்து மாதம் கட்டினேன். அப்புறம்தான் இந்தப் பம்பர் வந்தது.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால். மதியம் மண்டியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறேன், என் வீட்டு கேட்டை மறித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார். பழனிக்குப் பாதயாத்திரை போகிற நேரத்தில் இப்படித்தான், எவனெவனோ வந்து நிறுத்திவிட்டு நடந்து போய்விடுவான். ஹாரன் அடித்தேன். ஒருவரும் வரவில்லை. வாயால் கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்பது வேண்டாம், பஸ்ஸில் பெண்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஓர் உதை. ஒன்றே ஒன்று. பம்பரின் இடது மூலையில். படக்கென்று சத்தம். குனிந்து பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், மூலை தனியாகத் தொங்குகிறது.

உண்மையைச் சொன்னால், முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அறுபத்திரண்டு வயது. ரப்பர் செருப்பு. ஒரே உதை.

உள்ளே போனேன். கூடத்தில் பச்சை வேட்டி, கழுத்தில் மாலையோடு ஒருவர் மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். யார்? என் சம்பந்தி, சென்னியப்பன். மாப்பிள்ளையின் அப்பா. எறும்பு கடித்தால் எறும்பிடம் மன்னிப்புக் கேட்கிற மனிதர். வெளியே நிற்பது மாப்பிள்ளையின் கார். வாங்கி ஒரு மாதம்.

"வாங்க சம்பந்தி. வெளியில என்னமோ சத்தம் கேட்டுதே?" என்கிறார்.

"யாரோ குடிகாரன்" என்றாள் என் வீட்டுக்காரி பொன்னாத்தாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

வளைகாப்புக்கு நாள் குறித்துச் சொல்லத்தான் வந்தாராம். காரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, இங்கிருந்து கூட்டத்தோடு பழனிக்கு நடந்து போய், பூசம் பார்த்துவிட்டு மறுநாள் வருவாராம். தாராபுரத்திலிருந்து பழனிக்கு நேர் ரோடு இருக்கும்போது சுற்றிக்கொண்டு இங்கே எதற்கு வந்தார் என்று நான் யோசிக்கவில்லை. என் யோசனை முழுக்க அந்த மூலையில் இருந்தது.

அவரே காரை உள்ளே கொண்டுவந்து, பின்பக்கம் சுவரில் முட்டுகிற மாதிரி நிறுத்தினார். இறங்கினவர் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்படியே இருக்கட்டும் சம்பந்தி. பின்பக்கம் யாரும் போக வேண்டாம்" என்றார். முருகனே என் பக்கம் இருக்கிறான் என்று நினைத்தேன். நகர்த்த வேண்டியிருந்தால் ஆகும் என்று சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டேன். கொடுக்கக் கொஞ்சம் தயங்கினார். கொடுத்தார். நடந்தார்.

அம்மா! ஏம்மா! அது ஆணி இல்லை, பம்பர்! பையை எடுங்க அதிலிருந்து. மாட்டுறதுக்கு இடமா இல்லை இந்த பஸ்ல? உங்க வீட்டுச் சுவரா இது? பெயிண்ட் அடிச்சு நாலு நாள்தான் ஆச்சு, உள்ளே என்ன வெச்சிருக்கீங்க, அம்மிக்கல்லா? என்னது, நான் பம்பரை வீட்டுல வெச்சுட்டு வரணுமா? நீங்க... நீங்க...

நீங்க நல்லா இருங்கம்மா. பையை இப்படிக் கொடுங்க, என் காலடியில் வைக்கிறேன்.

பார்த்தீர்களா சார், உதவி செய்தேன்.

எங்கே விட்டேன்? சம்பந்தி நடந்துவிட்டார். என் கையில் மூன்று நாள் இருக்கிறது. டிங்கரிங் கடைக்காரனைக் கூட்டிவந்து காட்டினால், "புதுசுதான் போடணும், வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும்" என்றான். போய்யா என்று அனுப்பிவிட்டு நானே கழற்றினேன். அடியில் ஸ்க்ரூ, ஓரமெல்லாம் பிளாஸ்டிக் பொத்தான். கழற்றித் திருப்பினால் உள்ளே, விரிசலுக்கு நேராக, பார்சல் ஒட்டுகிற டேப். டேப்பின் மேல் திருநீறு வேறு! புதுக் காருக்குக் கம்பெனிக்காரனே உள்ளே டேப் ஒட்டி அனுப்புகிறான் பார் என்று பொன்னாத்தாளிடம் சொன்னேன். திருநீறு எப்படி வந்தது என்று கேட்டாள். கம்பெனி முதலாளி பக்திமானாக இருப்பார் என்றேன்.

டேப்புக்குப் பக்கத்தில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து அச்சில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்த இரண்டு எழுத்தை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். என் தக்காளிப் பெட்டியின் அடியிலும் அதே எழுத்துதான். அதே பிளாஸ்டிக்!

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பெட்டி உடைந்தால் எந்த மண்டிக்காரனும் தூக்கிப் போட மாட்டான் சார். பழைய பெட்டியைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, பத்த வைக்கிற சால்டரிங் கம்பியைச் சூடேற்றி, விரிசலில் உருக்கி நிரப்புவோம். இந்தப் பிளாஸ்டிக்கில் பசை எதுவும் நிற்காது, அதையே உருக்கி ஊற்றினால்தான் சேரும். அதற்கு முன்னால் விரிசல் முடிகிற நுனியில் ஒரு சின்னத் துளை போட வேண்டும். அங்கே நின்றுவிடும். இல்லையென்றால் நீங்கள் இந்தப் பக்கம் ஒட்ட ஒட்ட, அது அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். என் பெட்டி சிவப்பு, கார் வெள்ளை. அதனாலென்ன, மேலே பெயிண்ட் அடிக்கத்தானே போகிறோம்?

ஒட்டினேன். முரட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பூசி நிரவினேன். நைஸ் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே உடைந்தது என்று தெரியக் கூடாது, அதுவரைக்கும் தேய்த்தேன். பொன்னாத்தாள் வந்து நின்று பார்த்தாள். "மூணு வருஷமா ஃபேன் ரெக்கையைத் துடைங்கன்னு சொல்றேன். பம்பரை ஒட்டறதுக்கு உங்க காலை ஒடிச்சு ஒட்டியிருந்தா எல்லாருக்கும் நிம்மதி" என்றாள். நான் உப்புத்தாளை மறுபடி நனைத்துக்கொண்டேன். அந்தப் பொறுமையை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

பெயிண்ட் கடை ஜமால் பாயிடம் போனேன். வெள்ளை கேட்டால் எந்த வெள்ளை என்கிறார். பால் வெள்ளையாம், முத்து வெள்ளையாம், பனி வெள்ளையாம். பனியை நான் எங்கே போய்ப் பார்க்க? கார்க் கதவோரத்து ஸ்டிக்கரில் இருந்த நம்பரை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அது சரியாகப் போயிற்று. அப்புறம் சொல்கிறார்: "பிளாஸ்டிக்குக்குன்னு தனி பிரைமர் இருக்குண்ணே. அது முதல்ல, பெயிண்ட் பிடிச்சு நிக்கறதுக்கு. அப்புறம் வெள்ளை. அப்புறம் பளபளப்புக்குக் கிளியர். மூணு டப்பா."

மூன்று! ஒரு மூலைக்கு! எனக்கா தெரியாது? கத்திரிக்காய் கேட்டு வந்தவன் தலையில் முருங்கைக்காயையும் சேர்த்துக் கட்டி அனுப்பினவன் நான். "ரெண்டு" என்றேன்.

"அண்ணே, இது விலை இல்லை, முறை."

"முறையும் பேசினாக் குறையும் பாய். ரெண்டு."

அரை மணி நேரம் பேசி இரண்டுக்கு இறக்கினேன். எது வேண்டாம் என்று கேட்டார். வெள்ளை கண்ணுக்குத் தெரியும், பளபளப்பும் தெரியும். அடியில் கிடக்கப் போகிற பிரைமர் யாருக்குத் தெரியும்? அதை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோற்றுப்போன வருத்தம்.

அடித்தேன் சார். ரோட்டில் யாத்திரைக் கூட்டம் போகப் போகப் புழுதி. வாசலெல்லாம் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, கொடிக்கயிற்றில் பம்பரைத் தொங்கவிட்டு, மெல்லிசாக ஐந்து கை அடித்தேன். ஒரு கொசு வந்து ஒட்டியது. ஊசியால் எடுத்தேன். காய்ந்ததும் பார்த்தால்... நானே பார்த்துக்கொண்டு நின்றேன். காரில் மாட்டிய பிறகு அதை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. பின்பக்கம் வாசலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். அதுதான் தப்பு என்கிறாள் பொன்னாத்தாள். வேலை செய்தவனுக்குத்தானே தெரியும்?

சம்பந்தி வந்தார். காலெல்லாம் கொப்புளம், கையில் பஞ்சாமிர்த டப்பா, சந்தனம். நொண்டிக்கொண்டே நேராகக் காரின் பின்னால் போனார். குனிந்தார். தடவினார். எழுந்தார். மறுபடியும் குனிந்தார். அப்புறம் நெடுஞ்சாண்கிடையாகக் கீழே விழுந்தார்.

"முருகா! பழனியாண்டவா! கண்ணைத் திறந்துட்டியேப்பா!"

எழுந்து, போனை எடுத்து, தாராபுரத்துக்கு வீடியோ கால் போட்டார். அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் கோகிலாவும். சொல்கிறார் சார்: "தம்பி, உன்னைக் கேட்காம காரை எடுத்தேன்ல? கள்ளிமந்தையத்துக்கிட்ட பின்னால எடுக்கும்போது மைல்கல்லுல முட்டி மூலை உடைஞ்சு போச்சு. டேப்பை ஒட்டி, திருநீறு வெச்சு, சம்பந்தி வீட்டுல மறைச்சு வெச்சுட்டு, நீதான் பார்த்துக்கணும் முருகான்னு நடந்தேன். இப்போ வந்து பார்த்தா, அவனே ஒட்டிக் கொடுத்திருக்கான்! பாரு, தழும்பே இல்லை!"

என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஒன்று, உடைத்தது நான் இல்லை. இரண்டு, ஒட்டினது நான். இரண்டும் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் உதை வெளியே வரும். பொன்னாத்தாள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் வேலை. ஊசியால் கொசு எடுத்த வேலை. எல்லாம் முருகன் கணக்கில் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதோ! அதோ சார், இடது பக்கம் பாருங்க, அந்த மைல்கல்தான்! மூலையில் வெள்ளைப் பெயிண்ட் தெரிகிறதா? போயிற்று. இறங்கி நின்று காட்ட முடியாது, பரவாயில்லை.

சம்பந்தி அதோடு விட்டாரா? ஈரக் கையில் சந்தனத்தைக் குழைத்து, "முருகா, முருகா" என்று அந்த மூலையில் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அவித்த உருளைக்கிழங்கில் தோல் உரியும் பாருங்க, அப்படி உரிந்து வந்தது பெயிண்ட். பனியில் காய்ந்தது சரியில்லை. டப்பாவில் சரக்கு சரியில்லை. அவர் கை முரட்டுக் கை. பிரைமரா? அதெல்லாம் ஒரு காரணமா சார்? பட்டியும் சேர்ந்து பெயர்ந்தது. அடியில் சிவப்பாக ஒரு கோடு.

சம்பந்தி போனை அந்தக் கோட்டுக்கு நேராகப் பிடித்தார். "குங்குமம்... தானா வருது... கோகிலா, தெரியுதாம்மா? குங்குமம்!"

எத்தனை நேரம்தான் சார் ஒரு மனிதன் பொறுப்பான்?

"குங்குமமாவது கத்திரிக்காயாவது! அது என் தக்காளிப் பெட்டிய்யா! மூணு நாள் உட்கார்ந்து உருக்கி ஒட்டினது நான்! முருகனுக்கு வேற வேலை இல்லையா? உதைச்சதும் நான்தான், ஒட்டினதும் நான்தான்!" தெரு முழுக்கக் கேட்டதாம்.

என்னய்யா பின்னால சிரிப்பு? உன்கிட்டயா கதை சொல்றேன்? அடுத்தவன் கஷ்டம் உனக்கு சினிமாவா? டிக்கெட் எடுத்தியா? பஸ் டிக்கெட் இல்லைய்யா, என் கதைக்கு! திரும்பி உட்காரு. நீ வயசுல பெரியவனா இருந்தா எனக்கென்ன? ... சரி. சிரிங்க. நல்லா சிரிங்க.

அது சண்டை இல்லை சார். அவர் சிரித்தார், நான் விசாரித்தேன்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட முடிந்திருக்கும். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறார்: "மனசை வருத்திக்காதீங்க சம்பந்தி. உங்க உதையில அது உடையலை. நான்தான் உடைச்சேன். உங்க உதைக்கெல்லாம் அது உடையாது."

உடையாதா? என் உதைக்கா?

இடது மூலையில் என் வேலை இருக்கிறது, அதை உதைக்க மனசு வராது. வலது மூலைக்குப் போனேன். வைத்தேன் ஒன்று. பிளந்தது. என் கால் பெருவிரல் நகமும் போயிற்று, இதோ பாருங்க, இன்னும் கட்டு. "இப்ப என்ன சொல்றீங்க சம்பந்தி?" என்று நிமிர்கிறேன், அவர் கையில் போன், போனில் கோகிலா முகம். "அப்பா" என்றாள். அவ்வளவுதான். திரை கறுப்பாகிவிட்டது.

இப்படி அவர் ஒரு மூலையும் நான் ஒரு மூலையுமாக உடைத்த பம்பர் இது. பம்பரைக் கழற்றி என்னிடமே விட்டுவிட்டு, பின்னால் ஒன்றுமில்லாத காரை ஓட்டிக்கொண்டு போனார் சம்பந்தி. போகும்போதும், "உங்க கையைப் பிடிச்சு வேலை வாங்கினது யாருன்னு நினைக்கிறீங்க?" என்றார். முருகனை விட மாட்டேன் என்கிறார். எனக்குப் பதில் தெரியும். கேட்டைச் சாத்தினேன்.

போன வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கியிருந்தாள் என் பெண். வழக்கப்படி அன்றைக்கே எங்களோடு கிளம்பி வர வேண்டும். வரமாட்டேன் என்றுவிட்டாள். சம்பந்தி சொல்லிப் பார்த்தார், அவள் அம்மா அழுது பார்த்தாள். எனக்குப் பேசத் தெரியவில்லை சார். வியாபாரம் என்றால் மேலே கேட்பான், கீழே கேட்போம். 'வீட்டுக்கு வாம்மா' என்பதை எதிலிருந்து ஆரம்பிப்பது? கடைசியில் அவளே இந்த பஸ் கட்டளையைப் போட்டாள்.

முதலிலிருந்து செய்தேன். உரிந்ததைச் சுரண்டி, இரண்டு மூலையும் உருக்கி, தேய்த்து. ஜமால் பாயிடம் மூன்று டப்பா வாங்கினேன். அவர் சொன்னதற்காக இல்லை. மூன்று டப்பாவுக்கு ஓர் உப்புத்தாள் இனாம் என்றார், அதற்காக. இந்த முறை நகத்தால் கீறினாலும் வரவில்லை. கீறிப் பாருங்க. பயப்படாதீங்க, கீறுங்க.

தாராபுரம் வந்துவிட்டது. இனிமேல்தான் உங்கள் வேலை. அதோ, பஸ் ஸ்டாண்டு வாசலில் பின்னால் பம்பர் இல்லாத வெள்ளைக் கார் நிற்கிறதா? பக்கத்தில் நிற்கிறாளே, அவள்தான். உங்களைக் கேட்பாள். சண்டையே இல்லை என்று சொல்லிவிடுங்க.

என்ன, மூன்றா? எப்படி மூன்று? கண்டக்டரைச் சேர்க்காதீங்க, அது வியாபாரம். அந்த அம்மாவுக்குப் பையைக் காலடியில் வைத்துக் கொடுத்தேன், அது கழிந்துவிட்டது. பின் சீட்டுக்காரர் சிரித்தது அவர் தப்பு. ஆக மொத்தம் ஒன்றுமில்லை. ஒத்துக்கொள்ள மாட்டீர்களா? சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், அரை. அரைச் சண்டை என்று சொல்லுங்க. யோவ், பொய்யா சொல்லச் சொல்றேன், கொஞ்சம் குறைச்சுத்தானே... மன்னிச்சுக்கங்க சார். ஒன்று. கடைசியாக ஒன்று. அதற்கு மேல் எனக்குக் கட்டாது.

சார், பம்பரை ஒரு நிமிஷம் பிடிங்க. எனக்குத் தூரத்துப் பார்வை கொஞ்சம் மட்டு. அவள் கையில் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறதே. பையா? பெரிய பையா? காலடியிலும் ஒன்றா? தலையணை தெரிகிறதா, பூப்போட்ட உறை போட்டது? அது அவள் தலையணை. அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது, சின்ன வயசிலிருந்தே. எங்கே தங்கினாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவாள்.

அப்படியென்றால் நான் எப்படி வந்து இறங்கினாலும் வருகிறதென்று முன்னாலேயே மூட்டை கட்டி...

சார், இருங்க. அவள் கேட்டால் மூன்று என்றே சொல்லிவிடுங்க. குறைக்க வேண்டாம்.